சீட்டு வராமல் சப்ளை கிடையாது

மின்வாரியத்தில் புதிதாக வேலைக்கு வரும் கேங்மேன் பையன்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, எல்லாத்தையும் புக்குல இருக்கிற மாதிரியே செஞ்சா ஒரு நாளைக்கு ஒரு கம்பம்கூட நட முடியாதே, நீங்கள்லாம் எப்படிச் செஞ்சீங்க?" நியாயமான கேள்விதான். கடலூர் வட்டாரத்தில் ஹெல்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்த வேலையும் உண்டு, அதை ஓரமாக வைத்துவிட்டு அந்த இடத்தில் தோன்றியபடி செய்த வேலையும் உண்டு. எதற்கு எது என்று எப்படி முடிவு செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"சூழ்நிலையைப் பார்த்து முடிவு எடுத்துக்கோ" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி கிடையாது. கம்பத்தில் அடிபட்டவர்கள் யாரும் சூழ்நிலையைப் பார்க்காமல் ஏறியவர்கள் இல்லை. பார்த்தார்கள், சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார்கள், ஏறினார்கள். சூழ்நிலையில் எதைப் பார்ப்பது என்று சொன்னால்தான் பையன்களுக்கு உதவும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. வெளியே வந்து பார்த்தால் ஊரே அடையாளம் தெரியவில்லை. கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்திருந்தன. பலா சாய்ந்தால் அந்த வீட்டின் ஒரு தலைமுறை வருமானம் சாய்ந்ததாக அர்த்தம். கம்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சில இடங்களில் வரிசையாக எல்லாம் தரையோடு தரையாக ஒடிந்து கிடந்தன, கம்பி ரோட்டில் சுருண்டு கிடந்தது. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெளி மாவட்டங்களில் இருந்து லாரி லாரியாக ஆட்கள் வந்தார்கள்.

அதோடு போனும் செத்துவிட்டது. டவருக்குக் கரண்ட் இல்லை, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? இந்தப் போன் விஷயம் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டுமானால் எல்.சி. பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். ஹெச்.டி. லைனில், அதாவது உயர் அழுத்தக் கம்பியில், கை வைப்பதற்கு முன் சப்ஸ்டேஷன் ஆபரேட்டருக்குப் போன் செய்து, இன்ன ஃபீடரில் (சப்ஸ்டேஷனில் இருந்து கிளம்பும் லைன்), இன்ன இடத்தில், இத்தனை பேர் வேலை செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். அவர் லைனை நிறுத்தி, நோட்டில் நேரம் போட்டு எழுதி, ஒரு நம்பர் கொடுப்பார். நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் இங்கே கம்பத்தில் இருக்கும், லைனைப் பிரிக்கிற ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டு போட வேண்டும். கரண்ட் இல்லை என்று சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியைப் பூமியோடு சேர்க்கும் எர்த் ராட் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ராடைக் கழற்றி, ஆட்களை எண்ணி, எல்.சி.யை வாங்கிய அதே ஆள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யார் சொன்னாலும் ஆபரேட்டர் லைனைச் சார்ஜ் பண்ணக் கூடாது, அதாவது கரண்ட் விடக் கூடாது.

இப்போது போன் இல்லை. என்ன செய்வது? எங்களோடு வேலை செய்ய வந்த வெளியூர் கேங்கில் ஒருவர் சுலபமான வழி சொன்னார். "காலையில போய் ஆபரேட்டர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு சார்ஜ் பண்ணுன்னு சொல்லிட்டா போச்சு. அஞ்சரைக்கெல்லாம் நாம எறங்கிடுவோம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க இருட்டில் கிடக்கிறது, குடிக்கத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை, சப்ஸ்டேஷனுக்கு ஒரு தடவை போய்வரவே அரை நாள் ஆகும் போல ரோடு கிடக்கிறது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் ஃபோர்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "உன் வாட்ச்சும் அவன் வாட்ச்சும் ஒண்ணா ஓடும்னு யார் சொன்னது? அஞ்சரைக்கு ஒருத்தன் கம்பத்து மேல மாட்டிக்கிட்டா அவனுக்கு எப்படித் தகவல் போகும்?" என்றார். எங்கள் தொழிலில் மணி சொல்லி வைத்துக்கொண்டு போன உயிர்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கதையாவது தெரியும். அவருக்கு நிறையத் தெரிந்திருக்கும்.

அவர் செய்தது இதுதான். ஒரு தாளை எடுத்து இரண்டு பிரதியாக எழுதினார்: ஃபீடர் பெயர், எந்த ஏ.பி. சுவிட்ச், எத்தனை ஆட்கள், எங்கிருந்து எதுவரை வேலை, நேரம், கையெழுத்து. அதை என் கையில் கொடுத்தார். "நீ போய் ஆபரேட்டரை நேர்ல பாரு. அவர் லைனை நிறுத்தினதுக்கு அப்புறம் ரெண்டு தாள்லயும் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கு. ஒண்ணு அவர்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட. சாயங்காலம் இந்தத் தாளை நீயே கொண்டுபோய்க் குடுத்தாதான் சார்ஜ் பண்ணணும். நான் அனுப்பினேன்னு வேற எவன் வந்தாலும், இன்ஜினியர் ஏ.இ.யே வந்தாலும், சீட்டு வராம சப்ளை கிடையாதுன்னு சொல்லிட்டு வா. நீ வர்றவரைக்கும் ஒருத்தனும் கம்பத்துல ஏற மாட்டான்."

மோட்டார் பைக்கில் கிளம்பினேன். பாதி தூரத்துக்கு ரோடே இல்லை. விழுந்த முந்திரி மரத்துக்கு மேல் பைக்கை ஏற்ற முடியாது, அடியிலும் நுழைய முடியாது. அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கி விட்டார்கள். எங்கே போகிறேன் என்று கேட்டவர்களிடம் கரண்ட் விஷயமாக என்றேன். அதற்கப்புறம் யாரும் என்னைக் காத்திருக்க வைக்கவில்லை.

ஆபரேட்டர் தாளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் யோசித்தார். போனில் வர வேண்டியது தாளில் வந்திருக்கிறது, அவருக்கும் இது புதுசு. ஆனால் தாளில் இருந்தவை எல்லாம் அவர் நோட்டில் எழுத வேண்டிய அதே விஷயங்கள். லைனை நிறுத்திவிட்டு, நோட்டிலும் எழுதி, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். போன் வருவதற்கு முன்னால் எல்.சி. இப்படித்தான் நடந்தது என்று ஃபோர்மேன் அப்புறம்தான் சொன்னார். புதிதாகக் கண்டுபிடித்த வழி என்று நாங்கள் நினைத்தது அவருக்குப் பழைய வழி.

சாயங்காலம் சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சப்ஸ்டேஷன் வாசலில் கூட்டம். ஊர்க்காரர்கள் ஆபரேட்டரைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயம் இதுதான்: நான் வருவதற்கு வெகு நேரத்துக்கு முன்னாலேயே ஒரு ஆள் வந்து, "வேலை முடிஞ்சிடுச்சு, ஃபோர்மேன் சப்ளை குடுக்கச் சொன்னாரு" என்று சொல்லியிருக்கிறார். ஆபரேட்டர், "சீட்டு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். சீட்டு இல்லை. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்துதான் சண்டை. வந்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நாங்கள் டீ குடிக்க இறங்கியதைப் பார்த்து வேலை முடிந்ததாக நினைத்திருக்கலாம். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் அவர் வந்து சொன்ன நேரத்தில் எங்கள் ஆட்கள் நான்கு பேர் கம்பத்தில் ஜம்பர், அதாவது இரண்டு கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி, கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் எர்த் ராட் போட்டுத்தான் இருந்தோம். சார்ஜ் பண்ணியிருந்தாலும் சப்ஸ்டேஷனில் பிரேக்கர் தானாக விழுந்து லைனை நிறுத்தியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது கடைசிக் காப்பு. அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. ஃபோர்மேனும் விதியை மாற்றினார், அந்த வெளியூர்க்காரரும் மாற்றத்தான் சொன்னார். ஃபோர்மேன் மாற்றியது செய்தி போகிற வழியை. போனுக்குப் பதில் ஆள், ஆளின் கையில் தாள். ஆனால் வாங்கினவன்தான் திருப்பித் தர வேண்டும், அவன் சொல்லாமல் கரண்ட் வராது என்ற பேச்சில் கை வைக்கவில்லை. அந்தப் பேச்சு கம்பத்தில் இருப்பவனுக்கும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கும் இடையிலானது. அதில் ஒரு ஆள் தனியாக எதையும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் இரண்டு பேருக்கும் தெரிந்து, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு, எழுதி மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு எந்த விதியை வளைக்கத் தோன்றினாலும் நான் முதலில் கேட்டுக்கொண்டது இதைத்தான்: இதை நம்பிக்கொண்டு வேறு யாராவது எங்காவது கை வைத்திருக்கிறார்களா? அப்படி யாரும் இல்லை, நானும் இந்தக் குழியும்தான் என்றால் பாதி தயக்கம் போய்விடும்.

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது எல்லோருக்கும் தெரியும். 1 முதல் 11 வரை எண் உண்டு. 8, 9, 10 வந்தால் மகா அபாயம் என்று கடற்கரையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். 11 என்னவென்று கேட்டால் பலருக்கும் தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய புயல் என்று நினைப்பார்கள். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதுதான் 11. இதை எழுதியவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தகவல் வராமல் போகிற நாளும் வரும், அன்றைக்கு இங்கே இருப்பவன் தன் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அதையும் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கும் ஒரு கூண்டு ஒதுக்கியிருக்கிறார். எந்த வேலைக்கு விதி எழுதினாலும் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும். எங்கள் புத்தகங்களில் பல இடங்களில் கிடையாது.

சரி, தாராளமாக மாற்றிய வேலைகளுக்கு வருகிறேன். முதலில் குழி. கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது கணக்கு. எட்டு மீட்டர் கம்பம் என்றால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் தோண்ட வேண்டும். செம்மண்ணில் தோண்டுகிறவனுக்கு இது ஒன்றுமே இல்லை. தாழங்குடாப் பக்கம் கடற்கரை மணலில், அதுவும் மழைக்கு அப்புறம் தோண்டிப் பாருங்கள். முழங்கால் ஆழம் போனதும் தண்ணீர் ஊறும், பக்க மணல் சரிந்து உள்ளே விழும். தோண்டத் தோண்டக் குழி அகலமாகுமே தவிர ஆழமாகாது. தானே சமயத்தில் வெளியூர் கேங் ஒன்று இப்படி ஒரு குழியோடு காலையெல்லாம் மல்லுக்கட்டியது.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உறையை எறக்குங்கப்பா" என்றார். கிணற்றுக்கு இறக்குகிற சிமென்ட் உறைதான். கடற்கரையில் கிணறு தோண்டுகிறவர்கள் வேறு எப்படித் தோண்டுவார்கள்? உறையை வைத்து, உள்ளே மணலை வார வார அது தானாக இறங்கியது. இரண்டு உறையில் வேண்டிய ஆழம் வந்துவிட்டது. கம்பத்தை உள்ளே நிறுத்தி, உடைந்த கம்பங்களின் கான்கிரீட் துண்டுகளையே போட்டு இடித்து இறுக்கினோம். கம்பம் நிமிர்த்த கிரேன் வர வழியில்லாத இடங்களில், விழுந்து கிடந்த சவுக்கையே வெட்டி, இரண்டிரண்டாகக் கத்தரி போல் கட்டி முட்டுக் கொடுத்து ஊர் கூடித் தூக்கினோம். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆழம் வந்ததா, கம்பம் ஆடாமல் நிற்கிறதா என்பது கண் முன்னால் தெரிகிறது. தப்பாகப் போனால் கம்பம் சாயும், திரும்ப நடலாம். கம்பியில் கரண்ட் வருவதற்கு முன்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆறில் ஒரு பங்கு என்ற அளவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படித் தோண்டுவது என்பதைத்தான் மாற்றினோம்.

இன்னொன்று மோட்டார் தலைகீழாகச் சுற்றுவது. ஜம்பரை அவிழ்க்கும் முன் எந்த ஃபேஸ் எங்கே என்று அடையாளம் கட்டி வைக்க வேண்டும். புயல் அறுத்துப் போட்ட கம்பியில் யார் அடையாளம் கட்டி வைத்தது? நாங்களாகப் பார்த்துக் கட்டிச் சார்ஜ் பண்ணினால், வீட்டு விளக்கெல்லாம் எரியும், "மோட்டார் ஓடுது, தண்ணி வரலை" என்று ஊரே திரண்டு வரும். இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால் மூன்று ஃபேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், போர் மோட்டார் தண்ணீர் தள்ளாது. ஒவ்வொரு வீடாகப் போய் மாற்றினால் விடிந்துவிடும். டிரான்ஸ்பார்மரில் இரண்டு ஃபேஸை மாற்றிக் கட்டினால் ஊருக்கே சரியாகிவிடும். இரண்டு மூன்று ஊர் இப்படி ஆனதும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஊரில் மாவு மில் எங்கே என்று முதலில் விசாரிப்போம். மில்காரருக்குத் தன் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். பெல்ட்டைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு தட்டுத் தட்டி நிறுத்திப் பார்ப்போம். சரியாகச் சுற்றினால்தான் மற்றவர்களை மோட்டார் போடச் சொல்வோம்.

ஆனால் நியூட்ரல் விஷயத்தில் இந்த மாதிரி "போட்டுப் பார்க்கலாம்" கிடையாது. நியூட்ரலும் ஃபேஸும் இடம் மாறினால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் போகும். தட்டிப் பார்க்கிற அந்த ஒரு நொடியில் தெருவில் இருக்கும் டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. அதனால் வீட்டு பியூஸ்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் போடுவோம். எங்கள் டெஸ்ட் லேம்ப் இரண்டு குண்டு பல்பை வரிசையாகக் கட்டியது. ஒற்றைப் பல்பு என்றால் 400 வோல்ட்டில் பட்டென்று வெடிக்கும். இரண்டு இருந்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மங்கலாக எரியும், இரண்டு ஃபேஸுக்கு நடுவே பளிச்சென்று எரியும். சோதிப்பதை விடவில்லை, சோதிக்கிற கருவியைத்தான் நாங்களே கட்டிக்கொண்டோம்.

இதுவரை சொன்னதெல்லாம் விதி போதாத இடங்கள். இதைவிட ஆபத்தானது அனுபவம் அதிகமாகிவிட்ட இடம். கடலூர் கடற்கரையில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவனுக்கு உப்பு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் மழை இல்லாமல் உப்புக் காற்று வீசினால் இன்சுலேட்டர் மேல் உப்பு படியும். நல்ல மழை பெய்தால் கழுவிவிடும். லேசான தூறலோ பனியோ விழுந்தால்தான் வம்பு. உப்பு ஈரமாகி, கரண்ட் அதன் மேல் ஓடி, ஃபீடர் டிரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். அதனால் தேவனாம்பட்டினம் பக்கம் தூறல் போட்ட ராத்திரியில் லைன் போனால், "உப்புதான், திரும்பச் சார்ஜ் பண்ணு" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரும். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும்.

அந்தப் பத்தாவது தடவை கம்பி அறுந்து விழுந்திருக்கும். கடற்கரைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது: அறுந்த கம்பி காய்ந்த மணலில் விழுந்தால் பல நேரம் லைன் டிரிப்பே ஆகாது. ஈர மண்ணில் விழுந்தால் நிறைய கரண்ட் பூமிக்குள் பாயும், சப்ஸ்டேஷனில் இருக்கும் ரிலே என்ற காவல் கருவி அதைப் பார்த்து நிறுத்திவிடும். காய்ந்த மணலும் தார் ரோடும் அவ்வளவு கரண்டை இழுக்காது. ரிலே சும்மா இருக்கும், கம்பி உயிரோடு கிடக்கும். முதலில் டிரிப் ஆன கம்பி, நாம் சார்ஜ் பண்ணும்போது காற்றில் புரண்டு காய்ந்த இடத்துக்கு வந்திருந்தால், லைன் நின்றுகொள்ளும். "பார்த்தியா, உப்புதான்னு சொன்னேன்ல?" என்று நாமும் படுத்துவிடுவோம்.

ஒரு தடவைக்கு மேல் டிரிப் ஆனால் லைனை நடந்து பார்க்காமல் கொடுக்காதே என்ற விதியை, தெரியாதவனைவிடத் தெரிந்தவன்தான் மீறுவான். அதனால் என் கீழ் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் வைத்தேன். "உப்பு" என்று யார் சொன்னாலும், எந்தக் கம்பத்தில் தீப்பொறி பார்த்தாய் என்று கேட்பேன். கம்பம் சொன்னால் அது தகவல். சொல்லாவிட்டால் அது ஊகம், டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு இதற்காக என்னைத் திட்டாத ஆள் இல்லை.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு சங்கதி எல்லை. கடலூரில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் ரோட்டில் ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. இங்கே மின்வாரியம், அங்கே புதுச்சேரி மின்துறை. கரண்ட் எந்த அரசாங்கத்தினுடையது என்று வயலைப் பார்த்துத் தெரியாது. எல்லை ஓரத்தில் இவர்கள் கம்பியும் அவர்கள் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடங்களில், நம் சப்ஸ்டேஷனில் வாங்கின எல்.சி. நம் கம்பிக்கு மட்டும்தான் பொருந்தும். வெளி மாவட்டத்தில் இருந்து உதவிக்கு வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் ஊரில் ஒரு எல்.சி. வாங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாம் செத்துவிடும். அவர் விதியை அப்படியே கடைப்பிடித்தும் அடிபட வாய்ப்பு இருக்கிற இடம் இது. வெளியூர் கேங்கோடு எப்போதும் உள்ளூர் ஆள் ஒருவர் போக வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இதுதான். ஆள் பற்றாக்குறை என்று மேலே சலித்துக்கொண்டார்கள். சலித்துக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் பார்த்த கடைசிப் பெரிய வேலை 2024 டிசம்பர் வெள்ளம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் அரை மீட்டரை நெருங்கும் மழை புதுச்சேரியில். அதைச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையில் இருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கடலில் சேருவது நம் கடலூர் ஓரம்தானே. ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. டிரான்ஸ்பார்மர் பியூஸ் பாக்ஸுக்குத் தண்ணீர் எட்ட இன்னும் ஒரு முழம்தான். மேலே இருந்து நிறுத்தச் சொல்லி இன்னும் செய்தி வரவில்லை.

நிறுத்தினேன். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் வரவில்லை. கரண்டை நிறுத்துவதற்கு நான் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன், கொடுப்பதற்குத்தான் எல்லோரிடமும் கேட்பேன். ஆனால் நிறுத்துவதால் ஒரு நஷ்டமும் இல்லை என்று நினைப்பதும் தப்பு. மொத்த ஃபீடரையும் நிறுத்தினால் மேட்டுப் பகுதியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்துப் போகும். அதனால் முங்குகிற டிரான்ஸ்பார்மர்களை மட்டும் பிரித்தோம். அதற்கு முன் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டே போனோம். ஒரு வீட்டில் ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் அம்மா ஒருவர் இருந்தார். "அவங்கள மேட்டுத் தெருவுக்குக் கொண்டு போய்ச் சேர்த்துட்டு எனக்குக் கை காட்டுங்க, அப்புறம்தான் நிறுத்துவேன்" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். கை காட்டினான், நிறுத்தினோம்.

தண்ணீர் வடிந்தபின் கொடுப்பதில்தான் இழுபறி. முங்கின வீட்டில் வயரிங்கைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பார்க்க ஆள் போதாது. முங்காத வீட்டுக்காரர், "எங்க வீட்டுக்குத் தண்ணியே வரலையே, நாங்க ஏன் இருட்டுல இருக்கணும்?" என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. முங்கின வீடுகளின் சர்வீஸ் ஒயரை மட்டும் கம்பத்திலேயே அவிழ்த்துக் கட்டிவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தோம். அப்புறம் ஒவ்வொரு வீடாகச் சுவர் காய்ந்ததைப் பார்த்து மாட்டினோம். எந்தெந்த வீட்டை அவிழ்த்தோம் என்று நோட்டில் எழுதிக்கொண்டது மிக முக்கியம். தற்காலிகமாக என்று செய்கிற எதையும் அன்றைக்கே எழுதாவிட்டால் அது நிரந்தரமாகிவிடும். தானே சமயத்தில் ஒரு வீட்டுக்கு அவசரத்துக்குச் சவுக்குக் கழி நட்டு சர்வீஸ் இழுத்தார்கள். நாலைந்து வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அதே கழி நிற்கிறது, அதன் மேல் கேபிள் டி.வி. ஒயரும் சேர்ந்து ஓடுகிறது. கழியின் அடி ஈரத்தில் நைந்து, கையால் தள்ளினாலே ஆடியது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் உயிர் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. கரண்ட் போனதும் வாடகை ஜெனரேட்டர் எடுத்து, ஒரு பிளக் பாயின்ட்டில் சொருகி வீடு முழுக்க விளக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெனரேட்டர் கரண்ட் மெயின் வழியாகத் தெருக் கம்பிக்கு வரும், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் போகும். சாதாரண நாளில் தெரு முழுவதும் இழுப்பதால் சின்ன ஜெனரேட்டர் தாங்காமல் நின்றுவிடும். புயலுக்கு அப்புறம் கம்பி துண்டு துண்டாக அறுந்து கிடக்கும்போது இழுக்க வேறு வீடே இருக்காது. அதனால் நிற்காமல் ஓடும். சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்கி வந்து அந்தக் கம்பியில் கை வைக்கிறவனுக்கு உங்கள் வீட்டு ஜெனரேட்டர் பற்றி யார் சொல்வார்கள்? தெருக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஜெனரேட்டரில் இருந்து தனி ஒயர் இழுத்து, வேண்டிய விளக்கையும் ஃபேனையும் நேராக அதில் மாட்டுங்கள், வீட்டு வயரிங்கோடு சேர்க்காதீர்கள்.

பியூஸ் போனால் கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவதும் அப்படித்தான். போக வேண்டிய நேரத்தில் போவதற்குத்தான் பியூஸ். அது போகாவிட்டால் வீட்டு ஒயரோ தெரு டிரான்ஸ்பார்மரோ போகும்.

கம்பி அறுந்து கிடந்தால், மணலில் அமைதியாகக் கிடந்தாலும், தெரு விளக்கே எரியாவிட்டாலும், பக்கத்தில் போக வேண்டாம். ஏற்கெனவே பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் ஓட வேண்டாம், அகலக் கால் வைக்க வேண்டாம். பாதத்தோடு பாதம் ஒட்டினாற்போல் சிறுசிறு அடியாக நகர்ந்து விலகுங்கள். இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி ஆடு மாடுகளையும் பிள்ளைகளையும் தடுத்துவிட்டு, மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். பக்கத்துக் கம்பத்தில் நம்பர் எழுதியிருக்கும், தள்ளி நின்றே படிக்க முடிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஆள் வந்து சேர்வதற்குள் எந்த ஃபீடர் என்று பார்த்து நிறுத்திவிடலாம்.